குட்டியில் நெருப்பு, நாலு வயதில் வெளுத்த மஞ்சள்: வளர்ப்புப் பாம்பின் நிறம் நிலைக்க எப்படி ஜோடி சேர்ப்பது?

ஹட்டன்_கப்பி

வணக்கம் எல்லோருக்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பாம்பு என்னுடையது இல்லை. நான் ஹட்டனில் கப்பி மீன் வளர்க்கிறவன், வீட்டுக்குப் பின்னால் நாலு சீமெந்துத் தொட்டி, அவ்வளவுதான் என் பண்ணை. பாம்பு வைத்திருப்பவன் கனடாவில் இருக்கும் என் அத்தை மகன். ஆனால் தலைவலி எனக்கு, ஏனென்றால் "நீதானே மீனுக்கெல்லாம் கலர் பார்த்து ஜோடி சேர்க்கிறவன், இதையும் சொல்லு" என்று வாரம் இரண்டு தடவை வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொள்கிறான்.

விஷயம் இதுதான். 2021இல் மச்சான் ஒரு அல்பினோ, அதாவது உடம்பில் கறுப்பே இல்லாத, போவாக் குட்டி வாங்கினான். விஷமில்லாத, எலியை இறுக்கித் தின்னும் பெரிய வகை. அப்போது அனுப்பிய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, முதுகில் சேணம் போட்டதுபோல் ஆரஞ்சுத் திட்டுகள், இடையில் ரோஸ், வால் பக்கம் ரத்தச் சிவப்பு, கண் சிவப்பு. பாம்பைப் பிடிக்காதவனுக்கும் ஒரு நிமிடம் பார்க்கத் தோன்றும். இப்போது நாலு வயது தாண்டிவிட்டது, ஆள் நல்ல ஆரோக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனால் நிறம் போய்விட்டது. ரோஸ் காணோம், ஆரஞ்சு எல்லாம் வெயிலில் காய்ந்த மஞ்சள் துணிபோல் ஆகிவிட்டது. மச்சான் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான்.

எனக்குத் தெரிய வேண்டியது: இது ஏமாற்றா, இல்லை வளர்ப்பில் தவறா? கப்பிக்கு நாம் கரட், ஸ்பிருலினா கலந்து கொடுத்துச் சிவப்பைக் கூட்டுகிற மாதிரி பாம்புக்கும் ஏதாவது உண்டா? குட்டி எடுப்பதாக இருந்தால், வயதான பிறகும் நிறம் நிற்கிற மாதிரி எதை எதோடு சேர்க்க வேண்டும்? கப்பியில் நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். இரண்டு மாதத்திலேயே பளிச்சென்று தெரிந்த ஆண்களை எடுத்து விட்டேன், ஆறு மாதத்தில் வால் எல்லாம் சாயம் போனது, அதன் பிள்ளைகளும் அப்படியே.

பி.கு: வீடியோ காலில் பாம்பை மச்சான் கழுத்தில் பார்த்ததிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. "இவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்" என்பது மட்டும் தினமும் கேட்கிறது.

---

பண்டாரவளை_பழைய_கை

தம்பி, இங்கிலாந்தில் ஊர்வன விற்கும் கடையொன்றில் ஆறு வருடம் கூட்டிப் பெருக்கியதிலிருந்து குட்டி எடுத்ததுவரை எல்லா வேலையும் செய்தவன் நான், இப்போது ஊரில் சும்மா இருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்று என்று சொல்ல முடியாது. அல்பினோ போவா அப்படித்தான். கறுப்பு இல்லாத பாம்பில் சிவப்பும் மஞ்சளும்தான் மிச்சம், குட்டியில் சிவப்பு முன்னால் நிற்கும், வளர வளர மஞ்சள் ஏறி ரோஸை மூடிவிடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் தாய் தகப்பனின் படத்தைக் காட்டவும் இல்லை. நானும் அந்தக் கடையில் நின்றவன்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டியை விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் விலை தானாகப் பேசும், வளர்ந்ததைக் காட்டினால் வாங்க வந்தவர் யோசிப்பார், அதனால் வளர்ந்தது எப்போதும் பின்னறையில் இருக்கும். இதுதான் அந்த வியாபாரம்.

எல்லா வகையும் மங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போல் பைத்தன் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு, பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சாது, அதில் இன்று கணக்கில்லாத நிற வகைகள். பொப் கிளார்க் என்பவர் 1992இல் முதல் அல்பினோ போல் பைத்தனைப் பெருக்கிய பிறகு பிடித்த பைத்தியம் அது. அதில் பாஸ்டல் என்ற வகை குட்டியில் எலுமிச்சை மஞ்சள், மூன்று வயதில் பெரும்பாலும் மண் கலந்த மஞ்சள். பனானா என்ற வகை குட்டியில் சுத்தமான மஞ்சளும் ஊதாவும், வயதாக ஆக வாழைப்பழம் கனிந்த மாதிரியே கறுப்புப் புள்ளி விழும், பேர் வைத்தவன் இதையும் நினைத்து வைத்தானோ என்னவோ. அக்ஸாந்திக் என்று மஞ்சளே இல்லாத வெள்ளி நிறம் ஒன்று உண்டு, அதிலும் பல வரிசைகள், அதாவது வம்சங்கள், வளரும்போது பழுப்பு அடித்துவிடும். ஆனால் பைபால்ட் என்ற வகையின் வெள்ளைப் பகுதி சாகும்வரை வெள்ளைதான், அங்கே நிறக் கலமே இல்லை, இல்லாதது எப்படி மங்கும்.

இப்போது ஜோடி விஷயம். உங்கள் கப்பிப் பாடமேதான் பதில். குட்டியைப் பார்த்து ஜோடி சேர்க்கக்கூடாது, கிழவனைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஐந்து வயதிலும் நிறம் நிற்கிற ஆண், அதேபோல் நிற்கிற பெட்டை, முடிந்தால் அவற்றின் தாய் தகப்பனும் கண்ணால் பார்த்தது. அல்பினோ என்பது ஒரே ஒரு மரபணு, இருக்கிறது அல்லது இல்லை. ஆனால் "எவ்வளவு சிவப்பு, எவ்வளவு காலம்" என்பது பல சின்னச் சின்ன மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை, அதைப் பெயர் சொல்லி வாங்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கித்தான் எடுக்க முடியும். கப்பியில் ஒரு வருடத்தில் மூன்று தலைமுறை பார்த்துவிடலாம். போவா முதல் குட்டி போடவே மூன்று நாலு வருடம், அந்தக் குட்டி நிறத்தைப் பிடித்ததா விட்டதா என்று தெரிய இன்னும் நாலு வருடம். மச்சானுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஹைப்போ என்று கறுப்பைக் குறைக்கும் இன்னொரு மரபணு போவாவில் இருக்கிறது, ஒரு பக்கப் பெற்றோரிடம் இருந்தாலே குட்டியில் தெரியும். ஹைப்போவும் அல்பினோவும் ஒன்றில் சேர்ந்தால் அதைச் சன்குளோ என்பார்கள், சாதாரண அல்பினோவைவிட ஆரஞ்சைக் கூடுதல் காலம் பிடித்துக்கொள்ளும். முழுக்க மங்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் வளர்ந்த சன்குளோவைப் பார்த்தால் உங்கள் மச்சான் வாயை மூடிக்கொள்வான்.

---

பேராதனை_விலங்கியல்

அண்ணா, உணவு பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். பேராதனையில் விலங்கியல் படிக்கிறேன், சொந்த ஊர் தலவாக்கலை.

கப்பியின் சிவப்பும் ஆரஞ்சும் பெரும் பகுதி கரோட்டினொயிட், அது உணவிலிருந்துதான் வர வேண்டும், அதனால்தான் கரட் வேலை செய்கிறது. பாம்பின் சிவப்பு எல்லாம் அப்படி இல்லை. ஸ்கார்லட் கிங் என்ற அமெரிக்கப் பாம்பின் சிவப்பை ஆராய்ந்தபோது அது டெரிடின் வகை நிறப்பொருள் என்று கண்டார்கள், அது உடலே தயாரித்துக்கொள்வது. அப்படிப்பட்ட சிவப்பை எலிக்குக் கரட் ஊட்டி ஏற்ற முடியாது. மஞ்சளில் கரோட்டினொயிட்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, சோளப்பாம்பில் சிவப்பில்லாத சாம்பல் வகை வளரும்போது கழுத்தில் மஞ்சள் ஏறுவது அதனால்தான் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் உணவு உங்கள் மச்சானுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்!

தோலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இது லேசு. பாம்புத் தோலில் நிறக் கலங்கள் அடுக்காக இருக்கும். மேலே மஞ்சள், சிவப்புக் கலங்கள், நடுவில் நிறமே இல்லாத, ஆனால் குவானின் பளிங்குகளால் ஒளியைத் திருப்பி அனுப்பும் கலங்கள், அடியில் மெலனின் வைத்திருக்கும் கறுப்புக் கலங்கள். பச்சைப் பாம்பில் பச்சை நிறப்பொருள் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. நடு அடுக்கு நீல ஒளியைத் திருப்புகிறது, மேலே மஞ்சள் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. அதனால்தான் வட அமெரிக்காவின் வழுவழுப்பான பச்சைப் பாம்பு செத்தபின் நீலமாகிவிடுகிறது, மஞ்சள் முதலில் அழிந்துபோகிறது. ஸ்கூல் ஆய்வுகூடத்தில் ஸ்பிரிட் போத்தலுக்குள் நீலமாக ஒரு பாம்பைப் பார்த்து, இது எந்த நாட்டுப் பாம்பு சேர் என்று நான் கேட்டு வகுப்பே சிரித்தது, அது இங்கத்தைய பச்சைக் கொடிப்பாம்புதான்.

அல்பினோவில் கறுப்புக் கலம் இருக்கிறது, மெலனின் செய்யும் நொதியம் வேலை செய்வதில்லை. போல் பைத்தனில் இதற்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், வளர்ப்பவர்கள் தபாலில் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்தே ஆய்வை நடத்தினார்கள். ஒரு பாம்பைக்கூட ஊசியால் குத்தவில்லை. நம் ஊரில் பாம்புச் சட்டையைக் கண்டால் ஒன்று ஓடுவோம், இல்லையென்றால் காசு பெருகும் என்று பெட்டிக்குள் வைப்போம், அங்கே அதில் ஆராய்ச்சிக் கட்டுரை வருகிறது.

நிறம் மாறுவது வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. பப்புவா பக்கத்துப் பச்சை மரமலைப்பாம்பு பிறக்கும்போது மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ இருக்கும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் பச்சையாகிவிடும். கொஸ்டாரிக்கா, பனாமா மலைகளில் இருக்கும் கறுப்பு மில்க் பாம்பு சிவப்பு, கறுப்பு, வெள்ளை வளையத்தோடு பொரித்து, இரண்டு வருடத்துக்குள் கரிக்கட்டையாகிவிடும். குட்டிக்கு ஒரு வாழ்க்கை, வளர்ந்ததற்கு வேறு வாழ்க்கை.

உண்மையில் மங்காத நிறம் வேண்டுமென்றால் நிறப்பொருளை விட்டுவிட்டுச் செதிலின் அமைப்பால் வரும் மினுக்கத்தைப் பாருங்கள். பிரேசில் வானவில் போவாவின் மேல் ஓடும் அந்த நீலமும் ஊதாவும் செதிலின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய கோடுகளால் வருவது. ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் புதிதாக வரும். நம் தோட்டத்து மண்ணிலும் அது உண்டு! மண் வெட்டும்போது வாலை யாரோ வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் சின்னப் பாம்பு வருமே, ரைனோஃபிஸ் இனம், விஷமே இல்லை, இலங்கையில் இருக்கும் ரைனோஃபிஸ் வகைகள் உலகில் வேறெங்கும் இல்லை. பாவம், இரண்டு தலைப் பாம்பு என்று சொல்லி மண்வெட்டியால் துண்டாக்கிவிடுவார்கள்.

---

ஹட்டன்_கப்பி

தங்கச்சி, அண்ணன், இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. அந்த மொட்டைவால் பாம்பை நானும் சின்ன வயதில் கண்டிருக்கிறேன், எங்கள் தாத்தா அதற்கு இரண்டு பக்கமும் வாய் என்று சத்தியமே செய்வார்.

ஆனால் இப்போது புதுச் சிக்கல். இங்கே எழுதியதை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன், கொஞ்ச நேரம் பதிலே இல்லை, பிறகுதான் உண்மையைக் கக்கினான். போன மாதமே ஒரு பெட்டையை வாங்கிவிட்டானாம். அதுவும் அல்பினோ, மூன்று வயது, ஆரஞ்சு இன்னும் நன்றாக நிற்கிறது. இரண்டும் அல்பினோ, அப்படியானால் குட்டி எல்லாம் அல்பினோதானே, அதில் தாயைப்போல் நிறம் நிற்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. கப்பிக் கணக்குப்படி எனக்கும் சரியென்றுதான் படுகிறது. சரிதானே?

---

பண்டாரவளை_பழைய_கை

அவசரப்படாமல் முதலில் ஒன்றைக் கேளுங்கள். இரண்டும் எந்த வரிசை?

போவாவில் பெயர்பெற்ற அல்பினோ வரிசைகள் இரண்டு. ஒன்று கால் வரிசை, பாம்புக்குக் கால் ஏது என்று சிரிக்காதீர்கள், அதைப் பெருக்கியவரின் பெயர் பீட் கால். மற்றது ஷார்ப் வரிசை. வெளியில் பார்த்தால் இரண்டும் அல்பினோ, ஆனால் பழுதான மரபணு வேறு வேறு. ஒரு கால் அல்பினோவையும் ஒரு ஷார்ப் அல்பினோவையும் சேர்த்தால் பிறக்கிற குட்டி அத்தனையும் சாதாரணப் பழுப்புப் போவா. ஒன்றில் பழுதாக இருப்பதை மற்றது நல்லதாகக் கொடுத்துவிடுகிறது. அனுபவமில்லாதவர்கள் அந்தத் தட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பெட்டைக்கு வேறு ஆண் போய்விட்டதோ என்று சந்தேகப்படுவார்கள், நான் கண்ணால் பார்த்த கூத்து அது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்தப் பழுப்புக் குட்டிகள் இரண்டு வரிசையையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கும். நாளைக்கு அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் 16க்கு 7 என்ற கணக்கில் அல்பினோ வரும், ஆனால் அது காலா, ஷார்ப்பா, இரண்டுமா என்று கண்ணால் பிரிப்பது நடக்காத காரியம். அப்படிக் கலந்த குட்டியை விபரம் தெரிந்த யாரும் வாங்கமாட்டார்கள். வளர்ந்த பெட்டையில் ஆரஞ்சு நிற்கிறது என்று நீங்கள் சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம், ஷார்ப் வரிசை நிறத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்று பல பேர் சொல்வார்கள்.

---

நானுஓயா_குளிர்

பாம்பின் கால் பாம்பறியும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தானா அண்ணன் 😄

---

பண்டாரவளை_பழைய_கை

இதைச் சொல்ல இத்தனை வருடம் நான் காத்திருந்தேன், நீ தட்டிக்கொண்டு போய்விட்டாய்.

---

மஸ்கெலியா_பையன்

எனக்கு ஒரு சந்தேகம். எதற்கு வெளிநாட்டுப் பாம்பு? நம்ம மலையில் கொழுந்துச் செடிக்குள் பச்சை விரியன் கிடக்கிறதே, பச்சையில் கறுப்புக் கோலம் போட்டு, அதைவிட அழகு எது. அதைப் பிடித்து இங்கேயே பெருக்கினால் நிறமும் மங்காது, எலியும் இலவசம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

தோட்ட_டிஸ்பென்சரி

தம்பி, விளையாட்டுக்குக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போகிறேன். உண்மையாகக் கேட்டிருந்தால் இதைப் படியுங்கள். தோட்ட மருந்தகத்தில் 19 வருடம் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் கையில் பச்சை விரியன் கடித்து வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. செடியின் நிறத்தோடு சேர்ந்து கிடக்கும், கை போகிற இடத்தில்தான் அதன் தலையும் இருக்கும். உயிர் போவது அபூர்வம், ஆனால் கை தோள்வரை வீங்கி, கொப்பளம் போட்டு, வாரக்கணக்கில் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழாமல் நாள்கூலி போய், வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாரிப்பது, நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நாலுக்குமானது. பச்சை விரியனுக்கு அது கேட்காது. மூக்கு மேலே தூக்கிய சின்ன விரியன் இருக்கிறதே, சருகுக்குள் கிடப்பது, அதற்கும் கேட்காது, அது கடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு. கடித்தால் கையை அசைக்காமல், வளையல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. கட்டுப் போடுவதும் பிளேட்டால் கீறுவதும் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது, பல தடவை திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பாம்பைக் காட்டில் பிடித்து வீட்டில் வைத்தால் வழக்குத்தான். வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டு வருவதற்கும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் முடியாது. மலைப்பாம்பு, போவா எல்லாமே காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை, இலங்கை 1979இலிருந்து அதில் உறுப்பு நாடு. கனடாவில் அந்தப் பிள்ளை அங்குள்ள சட்டப்படி வளர்க்கிறது, சரி. இங்கே யாரும் பார்சலில் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

---

மஸ்கெலியா_பையன்

மன்னிக்கணும் ஐயா, அழகாக இருக்கிறதே என்றுதான் கேட்டேன். எங்கள் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்தான். இனி செடிக்குள் தெரிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம், அவ்வளவுதான்.

---

டொரண்டோ_கொட்டகலை

நானும் கொட்டகலைதான், 14 வருடமாக டொரண்டோவில். வீட்டுக் கீழ்த்தளத்தில் சோளப்பாம்புகள், எண்ணிக்கையைச் சொன்னால் மனைவி இதைப் படித்துவிடுவாள். யாரோ கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன், சோளப்பாம்பு சோளம் தின்னாது, சோளக் களஞ்சியத்தில் எலிக்காகக் கிடந்தது என்று ஒரு கதை, வயிற்றில் சோளமணி மாதிரிக் கட்டம் என்று இன்னொரு கதை.

எல்லோரும் மங்குவதைப் பற்றியே பேசிவிட்டீர்கள். வளர வளர நிறம் கூடுகிற பாம்பும் உண்டு, மச்சான் குட்டி எடுக்கிற ஆசையில் இருந்தால் அதில் தொடங்குவது நல்லது. பிளட்ரெட் என்று ஒரு சோளப்பாம்பு வரிசை, ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. பொரிக்கும்போது தலை சாம்பல், உடம்பு மங்கல், சந்தையில் வைத்தால் பக்கத்து மேசையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வயதில் தலையிலிருந்து வால்வரை ஒரே செம்பு கலந்த சிவப்பு, வயிற்றில் கட்டம்கூட இல்லை. முதல் தடவை என்னிடம் குட்டி வாங்கிய ஒருவர் பேரம் பேசிப் பாதி விலைக்கு எடுத்துப் போனார், இரண்டு வருடம் கழித்து அதே ஆள் படத்தை அனுப்பி மீதிக் காசையும் அனுப்பினார். இந்தத் தொழிலில் எனக்கு நடந்த ஒரே அதிசயம் அதுதான்.

ஆனால் அந்தச் சிவப்புக்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் நிறத்தைக் கூட்ட அண்ணன் தங்கை, தகப்பன் மகள் என்று திரும்பத் திரும்பச் சேர்த்ததில் குட்டி சின்னதாகி, எலிக்குஞ்சைத் தொடாமல் பட்டினி கிடந்து செத்தது நிறைய. பிறகு வேறு ரத்தம் கலந்துதான் தேற்றினார்கள். கப்பியிலும் இது உங்களுக்குத் தெரியும், ஒரே தொட்டியில் நாலைந்து தலைமுறை ஓட்டினால் முதுகு வளைந்தது வருமே. போல் பைத்தனில் ஸ்பைடர் என்ற வகை இன்னும் மோசம், அந்தக் கோலத்தைத் தருகிற மரபணுவே உள்காதையும் கெடுத்துவிடுகிறது, தலை ஆடும், சில குட்டிகள் எலியைக் குறி வைத்து அடிக்கவே திண்டாடும். அதை வெளிக்கலப்பால் சரிசெய்ய முடியாது, நிறமும் நோயும் ஒன்றே. நான் அதைத் தொடுவதில்லை, தொடுகிறவர்களோடு சண்டைக்கும் போவதில்லை, ஆனால் என் மேசையில் இடமில்லை.

இனி மச்சானுக்கு வேலைக்கு உதவுகிற ஒன்று. நிறம் மங்குகிறதா என்று ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஞாபகம் எப்போதும் குட்டியின் பக்கம்தான் நிற்கும். ஒவ்வொரு தடவை சட்டை உரித்த மறுநாளும், அதே ஜன்னல், அதே நேரம், அதே வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரே சிவப்பு நிறக் கோப்பையோ மூடியோ வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூடியின் சிவப்பு மாறித் தெரிந்தால் வெளிச்சம் வேறு என்று அர்த்தம். சட்டை உரிக்க முன் கண் பால்போல் மூடி உடம்பு முழுக்கச் சாம்பல் அடிக்கும், அந்த நேரத்துப் படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. போவா பகலில் ஒரு நிறம், இரவில் வெளிறி வேறு நிறம், அதனால் நேரம் முக்கியம். நான் எட்டு வருடமாக இப்படி எடுக்கிறேன், எந்தத் தாயின் குட்டி நாலு வயதில் நிறத்தைப் பிடித்தது என்று என் கொப்பியைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்வேன். விற்ற குட்டிகளின் சொந்தக்காரர்களிடமும் வருடம் ஒரு படம் கேட்பேன், பாதிப்பேர் அனுப்புவார்கள். பண்டாரவளை அண்ணன் சொன்ன "கிழவனைப் பார்" என்பதைச் செய்ய இந்தக் கொப்பி இல்லாமல் வழியில்லை.

வாங்கும்போது ஹெட் என்ற சொல்லையும் கவனிக்கச் சொல்லுங்கள். நிறம் வெளியே தெரியாமல் உள்ளே ஒரு பங்கு சுமக்கிற பாம்பு அது. இரண்டு ஹெட்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று அல்பினோ, மிச்சம் சாதாரணமாகத் தெரிகிற மூன்றில் சராசரியாக இரண்டு ஹெட், எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதைத்தான் 66 வீதம் ஹெட் என்று விற்பார்கள். லொட்டரி டிக்கெட்டுக்கு விலை போட்ட மாதிரிதான், குறைந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

---

பேராதனை_விலங்கியல்

கொப்பி யோசனை அருமை அண்ணா. எங்கள் துறையில் படத்தில் நிற அட்டை வைப்பார்கள், அதே வேலையைப் போத்தல் மூடி செய்கிறது. படத்தைப் போனே தானாகப் பளிச்சென்று ஆக்கிவிடும், அந்த அமைப்பையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வாங்குகிற இடத்தில் காட்டும் படத்துக்கும் இது பொருந்தும், பின்னால் இருக்கும் புல் நியோன் பச்சையாக இருந்தால் பாம்பின் ஆரஞ்சையும் நம்பக்கூடாது.

---

ஹட்டன்_கப்பி

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

மச்சான் பழைய ரசீதைத் தேடி எடுத்தான். ஆண், கால் வரிசை. பெட்டை வாங்கிய இடத்துக்கு எழுதிக் கேட்டான், இரண்டு நாள் பதில் இல்லை, மூன்றாம் நாள் ஒரே சொல்லில் பதில்: ஷார்ப். பண்டாரவளை அண்ணன் வாயில் சர்க்கரை போட வேண்டும். இந்த மார்கழியில் இரண்டையும் ஒரே கூட்டில் விட இருந்தானாம், விட்டிருந்தால் அடுத்த வருடம் இருபது முப்பது பழுப்புக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் திட்டியிருப்பான்.

இப்போது முடிவு இப்படி. பெட்டையை அப்படியே வைத்துக்கொள்கிறான், விற்க மனமில்லை, பேர்கூட வைத்துவிட்டான், அம்பிகா. ஷார்ப் வரிசையிலேயே ஐந்து வயது தாண்டி நிறம் நிற்கிற ஆண் கிடைக்கும்வரை அவளுக்கு ஜோடி இல்லை. ஆணுக்கு, வேறு குடும்பத்தில் பிறந்த, கால் வரிசைக்கு ஹெட்டான ஒரு ஹைப்போப் பெட்டையைப் பார்க்கிறான். நாலில் ஒன்று சன்குளோவாக வரலாம் என்று நானே பேப்பரில் கட்டம் போட்டு அனுப்பினேன், கப்பிக்குப் போடுகிற அதே கட்டம்தான், என்ன, எழுத்து மட்டும் வேறு. டொரண்டோ அண்ணனின் கொப்பி வேலையும் தொடங்கிவிட்டது, சிவப்பு மூடிக்கு ஜாம் போத்தல் மூடி.

என் பக்கத்திலும் ஒரு மாற்றம். இரண்டு மாதத்துக் கப்பி ஆண்களைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு வயதான மூன்று கிழட்டு ஆண்களை, வால் இன்னும் சிவப்பாக இருப்பவை, தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன். குளிரில் ஒன்று சுணங்குகிறது, மற்ற இரண்டும் வேலையைத் தொடங்கிவிட்டன.

நேற்று இரவு ஒரு மணி நேரம் மச்சானோடு போனில் இந்த ஜோடிக் கணக்குத்தான். அம்மா வந்து யாரோடு இவ்வளவு நேரம் என்று கேட்டார், பாம்பு என்றால் கதை கந்தலாகிவிடும் என்று, கப்பிக்கு ஜோடி பார்க்கிறோம் அம்மா என்றேன். "முதலில் அவனுக்கு ஒன்று பாருங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.